மாடத்தில் ஏறிய பாட்டில்

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஹெட் கிளார்க்காக இருந்த இருதயநாதனுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசை. ஒரு ஷாம்பேன் பாட்டிலைத் தன் கையால் ‘டப்’பென்று திறக்க வேண்டும். குடிப்பது இரண்டாம்பட்சம். திறக்க வேண்டும், அதுவும் நாலு பேர் சுற்றி நின்று பார்க்கத் திறக்க வேண்டும். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று மனைவி வியாகுலம்மாளிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவளும் சிரித்தாள்.

ஆசை முளைத்தது 1938-இல், கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம், ஒரு சாயங்காலம். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. புது கிளார்க். ஏதோ அவசரக் கையெழுத்து வாங்கி வரச் சொல்லித் துரைமார் கிளப்புக்கு ஃபைலைக் கொடுத்து அனுப்பினார்கள். பட்லர் ஃபைலை வாங்கிக்கொண்டு உள்ளே போனான், இவரை வெளியே நிற்கச் சொன்னான். காகிதப்பூச் செடியின் முள் முதுகில் குத்த, இவர் ஜன்னலோரம் நின்றார். உள்ளே ஒரு துரை வெள்ளைத் துண்டை முழங்கையில் போட்டுக்கொண்டு, பாட்டில் கழுத்திலிருந்த தங்கக் காகிதத்தை நிதானமாக உரித்தார். கம்பியை முறுக்கி எடுத்தார். கட்டைவிரலைத் தக்கைக்கு அடியில் கொடுத்து, அறையிலிருந்த எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு ஒரு நெம்பு. தக்கை உத்தரத்தில் இடித்து ஒரு துரைசானியின் தொப்பிமேல் விழுந்தது. நுரை பொங்கி வழிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள், துரையின் முதுகிலும் தட்டினார்கள்.

“அவருக்கு இன்னிக்கு ஓ.எஸ். பிரமோஷன்” என்றான் திரும்பி வந்த பட்லர். ஆபீஸ் சூப்பரின்டெண்டென்ட்டை எல்லோரும் ஓ.எஸ். என்றுதான் சொல்வார்கள். “இந்தா ஃபைலு. ஜன்னலண்ட நிக்காத, போ.”

அன்றைக்கே இருதயநாதன் மனசில் ஓ.எஸ். நாற்காலியும் அந்தப் பாட்டிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. ஒன்று கிடைத்தால் மற்றதும் வேண்டும். துரைமார் கப்பலேறினார்கள். நாற்காலி ராபர்ட்ஸ் என்ற ஆங்கிலோ-இந்தியச் சட்டைக்காரரிடம் போனது. ராபர்ட்ஸுக்கு அடுத்த ஆள் இருதயநாதன்தான் என்பது ஒர்க்‌ஷாப்பில் நாற்காலி துடைக்கும் பியூனுக்குக்கூடத் தெரியும். பாட்டில்தான் இல்லை. நாடு பூராவும் இல்லை என்று சொல்ல முடியாது, மதராஸ் ராஜ்ஜியத்தில் இல்லை. மதுவிலக்கு வந்தாயிற்று. பிராந்திக் கடையெல்லாம் பிஸ்கட் கடையாகிவிட்டது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் சைகோனில் பிரெஞ்சுக்காரனிடம் உத்தியோகம் பார்த்துவிட்டு, பிரெஞ்சுக்காரனே மூட்டை கட்டியதும் மதுவிலக்கு இல்லாத காரைக்காலுக்குத் திரும்பிய பெரியப்பா மகன் அமிர்தசாமி. 1955-இல், படுக்கைச் சுருளுக்குள் தலையணையோடு தலையணையாக ஒரு பாட்டிலைச் சுற்றி, ரயிலில் பாலக்கரைக்குக் கொண்டு வந்து சேர்த்தார். மாட்டியிருந்தால் ஜெயில். மாட்டவில்லை.

“தம்பி, அசல் பிரான்சு சரக்கு. வெக்கை படாம வை. குலுக்காத” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வண்டியில் போய்விட்டார்.

ராபர்ட்ஸ் வருகிற மார்ச்சில் ஆஸ்திரேலியா போகப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த சமயம் அது. மூன்று மாசம் ஒளித்து வைத்தால் போதும் என்று கணக்குப் போட்டார் இருதயநாதன். எங்கே ஒளிப்பது என்பதில்தான் அவருடைய மூளை தேவைக்கு மேல் வேலை செய்தது. டிரங்குப் பெட்டி? போலீஸ் முதலில் திறப்பதே அதைத்தான். அரிசிப் பானை? வேலைக்காரி கை விடுவாள். கடைசியில் கூடத்துச் சுவரிலிருந்த மாடத்தில், சேசுநாதர் படத்துக்குப் பின்னால் நிறுத்தி வைத்தார். எந்தப் போலீஸ்காரனும் சாமி படத்துக்குப் பின்னால் கை விடமாட்டான் என்று வியாகுலம்மாளிடம் பெருமையடித்துக்கொண்டார். பெரிய கடைவீதியில் ஆறு கண்ணாடி டம்ளர்களும் வாங்கி, நியூஸ்பேப்பரில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் நல்லெண்ணெய் பாட்டிலுக்கு ஒரு தக்கை செருகி, துண்டை முழங்கையில் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று நெம்பிப் பழகினார். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்க்கும் அந்தப் பார்வையைத்தான் அதிகம் பழகினார்.

மார்ச் வந்தது. ராபர்ட்ஸ் போகவில்லை. அவருடைய சம்சாரத்துக்குக் கப்பல் என்றால் பயமாம். அடுத்த மார்ச் என்றார்.

அதற்குள் பக்கத்து வீடு காலியாகி, புதுக் குடித்தனம் வந்தது. அருள்நாதன், அவருடைய மனைவி ரோசம்மாள். நல்ல வேதக்காரர்கள், தினம் சகாய மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். எல்லாம் சரி. அருள்நாதனுக்கு உத்தியோகம் மதுவிலக்கு சப்-இன்ஸ்பெக்டர். வைக்கோல் போருக்குள் புதைத்த சாராய ஊறலைத் தெருமுனையிலிருந்தே மோந்து கண்டுபிடிக்கிற மூக்கு என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த மூக்குக்கும் பாட்டிலுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்.

விபரீதம் நடந்தது ஒரு கிறிஸ்மஸ் வெள்ளையடிப்பின்போது. படத்தைக் கழற்றிக் கீழே வைத்திருந்த நேரம். முறம் கேட்டு வந்த ரோசம்மாள், அதை வாங்கிக்கொண்டு திரும்பும்போது மாடத்தைப் பார்த்துவிட்டாள்.

“என்னங்கக்கா இது, தங்கத்துல கழுத்து? பிரான்சுன்னு எழுதியிருக்கு!” கான்வென்ட்டில் படித்தவள், எழுத்துக் கூட்டத் தெரியும்.

வியாகுலம்மாளுக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. பிரான்சிலிருந்து வருகிற, பாட்டிலில் அடைத்த, சாமி மாடத்தில் வைக்கக்கூடிய சமாசாரம் உலகத்தில் ஒன்றுதான் உண்டு. அது அவள் வாயில் தானாக வந்தது.

“லூர்து தண்ணி” என்றாள். “லூர்து மாதா கெபி ஊத்துலேர்ந்து நேரா வந்தது, எந்த நோயும் தீருமாம். அவரு அண்ணன் கொண்டாந்தாரு.”

ரோசம்மாள் முறத்தைப் போட்டுவிட்டு அங்கேயே முழந்தாளிட்டாள்.

சாயங்காலம் விஷயம் கேட்டு இருதயநாதன் தலையில் அடித்துக்கொண்டார். “வெனிகர்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?”

“வெனிகரை யாராவது சேசுநாதருக்குப் பின்னாடி வைப்பாங்களா? வெச்சது யாரு?”

எப்படியும் மார்ச்சில் ராபர்ட்ஸ் போய்விடுவார், திறந்து முடித்துவிடலாம் என்றார். ராபர்ட்ஸ் போகவில்லை. பிறகு நடந்ததெல்லாம் இருதயநாதனின் வயிற்றெரிச்சல். முதலில் ரோசம்மாள் ஒரு மெழுகுதிரி கொண்டுவந்து ஏற்றினாள். அப்புறம் மூன்றாவது வீட்டுக்காரி. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் ஹால் டிக்கெட்டைப் பாட்டிலில் ஒற்றிக்கொண்டு போனார்கள். பாஸானவன் வீட்டிலிருந்து மாலை வந்தது. ஃபெயிலானவன் வீட்டிலிருந்து, விசுவாசம் போதவில்லை என்று இரண்டு மாலை வந்தது. பாட்டில் சேசுநாதருக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தது. சரிகை வைத்த துணி ஒன்று தைத்து அதற்குப் போர்த்தினார்கள். சனிக்கிழமை தோறும் கூடத்தில் ஜெபமாலை உருட்டி ஐம்பத்துமூன்று மணி ஜெபம். ஆபீஸிலிருந்து களைத்து வருகிற மனுஷன், தன் வீட்டில் தன் ஈஸிசேரில் உட்கார முடியாமல், வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவே நிற்பார்.

வியாகுலம்மாளுக்கோ மாதாவின் பேரில் பொய் சொன்ன பாவம். பாலக்கரைச் சாமியாருக்குக் குரல் தெரியும் என்று, மேலப்புதூர் வரை நடந்துபோய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். உண்மையைச் சொல்லிவிடு என்றார் அந்தச் சாமியார். எப்படிச் சொல்வது? பக்கத்து வீட்டு அம்மாளிடம் உண்மையைச் சொன்னால், அந்த அம்மாளின் புருஷன் விலங்கோடு வருவான். மறு மாதம் வேறு கோயிலுக்குப் போனாள்.

“ஒரு மத்தியானம் கதவச் சாத்திக்கிட்டு ரெண்டு பேருமாத் திறந்து குடிச்சிடலாமா?” என்று ஒரு தடவை அவளே கேட்டாள்.

“கதவச் சாத்திக்கிட்டா?” இருதயநாதனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “திருட்டுத்தனமாக் குடிக்கவா இத்தனை வருஷம் காத்துக்கிட்டிருக்கேன்? ஓ.எஸ். ஆகிற அன்னிக்கு, என் செக்‌ஷன் ஆளுங்களை நம்ம ஊர்ல வேணாம், காரைக்காலுக்குக் கூட்டிக்கிட்டுப் போயாவது, அண்ணன் வீட்ல வெச்சு, அவங்க முன்னால திறப்பேன். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது.”

இப்படியே ஏழு வருஷம் போயிற்று.

1962-இல் ஆகஸ்டு மாதம், ராபர்ட்ஸின் சம்சாரம் ஒருவழியாகக் கப்பலைக் கண்டு பயப்படுவதை நிறுத்தினாள். இரண்டு பேரும் போனார்கள். ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு, எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷன் அழகிரி ஐயங்கார் ஒரு உறையோடு வந்தார். ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதிக்காரர், இருதயநாதனோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்.

“ஓய், வந்துடுத்து! பத்து மணிக்குத்தான் கையெழுத்தாச்சு. பிடியும்” என்றார். கூடவே ஒரு பொட்டலம். “அக்காரவடிசல். பெருமாளுக்கு உம்ம பேர்ல சேவிச்சுண்டு வந்தேன். எல்லாம் ரங்கநாதன் கடாட்சம் ஓய்.”

இருபத்து நாலு வருஷம் ஒரு நாள் லீவு போடாமல் உழைத்ததற்கும் இதில் கொஞ்சம் பங்கு உண்டு என்று இருதயநாதனுக்குத் தோன்றியது. ஆனால் நல்ல நாளில் எதற்கு வம்பு என்று அக்காரவடிசலை வாயில் போட்டுக்கொண்டார். அரை நாள் பர்மிஷன் வாங்கினார். இனி அரை நிமிஷம்கூடப் பொறுக்க முடியாது. பாட்டிலை எடுத்துப் படுக்கையில் சுருட்ட வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குக் காரைக்கால் டிக்கெட் எடுக்க வேண்டும். மாடத்தில் என்ன வைப்பது? ஒரு பன்னீர் பாட்டிலுக்குத் தங்கக் காகிதம் சுற்றி வைத்தால் போயிற்று. பஸ்ஸில் வரும்போதே கட்டைவிரல் தானாக நெம்பிப் பார்த்துக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. சனிக்கிழமையைவிட அதிகம். அவற்றுக்கு நடுவில் ஒரு ஜோடி போலீஸ் பூட்ஸ்.

அருள்நாதனுக்கு மூன்று நாளாக விக்கல். சாதாரண விக்கல் இல்லை, நிமிஷத்துக்கு எட்டு. சர்க்கரை போட்டார்கள், மிளகை மோந்து தும்ம வைத்தார்கள், டாக்டர் இரண்டு ஊசி போட்டார். நிற்கவில்லை. நேற்று துவாக்குடிப் பக்கம் சாராயம் பிடிக்கப் போன இடத்தில், பிடிபட்டவனே இவரைப் பார்த்து, “ஐயா எத்தனை கிளாஸ் போட்டீங்க?” என்று கேட்டானாம். அதற்குமேல் ரோசம்மாளால் தாங்க முடியவில்லை. தெருவையே திரட்டிக்கொண்டு, புருஷனை யூனிபாரத்தோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

இருதயநாதன் வாசல்படியில் கால் வைக்கப் பார்த்தார். நடையெல்லாம் ஆட்கள். “கொஞ்சம் வழி விடுங்க, என் வீடு!” என்றார். ஜெபச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சுற்றிக்கொண்டு பக்கவாட்டு ஜன்னலுக்கு ஓடினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“அவரு வந்துடட்டும் ரோசம்மா, அவரைக் கேக்காமத் திறக்கக் கூடாது” என்று வியாகுலம்மாள் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“மூணு நாளா மனுஷன் சாகுறாரு. மாதா தண்ணிக்கு ஆபீசர் பர்மிஷன் வேணுமாக்கா? நல்லாயிருக்கே!” ரோசம்மாள் பாட்டிலைப் பிடுங்கினாள். இவள் இழுக்க, அவள் இழுக்க, குலுக்கக் கூடாத பாட்டில் நன்றாகக் குலுங்கியது. பிறகு அது அருள்நாதன் கைக்குப் போனது.

“திறக்காதீங்க!” என்று ஜன்னலிலிருந்து கத்தினார் இருதயநாதன். உள்ளே ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்று முப்பது குரல்கள்.

அருள்நாதன் தங்கக் காகிதத்தை உரித்தார். விக்கினார். கம்பியைப் பார்த்து முகம் சுளித்து, முறுக்கி எடுத்தார். மறுபடி விக்கினார். கட்டைவிரலைக் கொடுத்தாரா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. ஏழு வருஷத்துத் திருச்சி வெக்கையை உள்ளே வைத்துக்கொண்டிருந்த பாட்டில் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

டப்!

அப்படி ஒரு சத்தத்தைத் துரைமார் கிளப்பில்கூட இருதயநாதன் கேட்டதில்லை. தக்கை உத்தரத்தில் இடித்து, சேசுநாதர் படத்தின் சட்டத்தில் பட்டு, எங்கேயோ உருண்டது. வெள்ளை நுரை கூரை வரை சீறி, அருள்நாதனின் தொப்பியிலும் ரோசம்மாளின் முகத்திலும் மெழுகுதிரிகளிலும் பூமழையாக விழுந்தது. கூடமே ‘ஆ’வென்றது. பிறகு ஒரே சத்தமாக எல்லோரும் முழந்தாளில் விழுந்தார்கள். யாரும் கை தட்டவில்லை.

ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றார் இருதயநாதன். 1938-இலும் ஜன்னலுக்கு வெளியேதான், இன்றைக்கும் ஜன்னலுக்கு வெளியேதான். அன்றைக்காவது அது துரைமார் கிளப் ஜன்னல்.

ரோசம்மாள் ஒரு பித்தளை டம்ளரில் ஊற்றிப் புருஷனிடம் நீட்டினாள். அருள்நாதன் ஒரே மூச்சில் குடித்தார். குடித்ததும் அந்தப் பேர்போன மூக்கு விரிந்தது. டம்ளரை மோந்தார். பாட்டிலை மோந்தார். லேபிளைப் பார்த்தார். தலையை நிமிர்த்தி வியாகுலம்மாளைப் பார்த்தார். அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வார்த்தைக்குப் பதிலாக ஒரு ஏப்பம் வந்தது. மாடத்திலிருந்த மெழுகுதிரி அணைகிற மாதிரி ஏப்பம்.

கூடம் காத்திருந்தது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். விக்கல் வரவில்லை.

“மாதாவே!” என்று அலறினாள் ரோசம்மாள்.

அருள்நாதன் சுற்றிலும் பார்த்தார். யூனிபாரத்தில் இருக்கிறார். முப்பது சாட்சி முன்னால் ஒரு டம்ளர் குடித்திருக்கிறார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “லூர்து தண்ணிதான்” என்றார் கணீரென்று. “சந்தேகமே இல்ல.” பிறகு, நோய் மறுபடி வந்துவிடக் கூடாதே என்று இன்னொரு டம்ளர் ஊற்றிக்கொண்டார்.

கூட்டம் எழுந்து நெருக்கியதில் நடையில் கொஞ்சம் வழி கிடைத்தது. இருதயநாதன் உள்ளே வந்து சேர்ந்தபோது, மிச்சத்தை ரோசம்மாள் ஸ்பூனால் ஆளுக்கு ஒன்றாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“வாங்க சார், சரியான நேரத்துக்கு வந்தீங்க. நாக்கை நீட்டுங்க.”

நீட்டினார். வேறு என்ன செய்வது? ஒரு ஸ்பூன். வெதுவெதுப்பாக, இனிப்பும் புளிப்புமாக நாக்கில் பட்டு, ஊசி ஊசியாகக் குத்தி, மூக்குக்கு ஏறியது. நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. கேவலமாக இருந்திருந்தால் மனசைத் தேற்றிக்கொண்டிருக்கலாம். இன்னும் கொஞ்சம் என்று கேட்க அவர் வாயெடுப்பதற்குள் ஸ்பூன் அடுத்த நாக்குக்குப் போய்விட்டது.

வியாகுலம்மாளின் கண் அவர் கையிலிருந்த உறைமேல் விழுந்தது. “என்னங்க அது? வந்துடுச்சா?” என்றாள் மெல்ல.

“வந்துடுச்சு.”

அவள் முகம் சுருங்கிப் போயிற்று. அருள்நாதன் உறையை வாங்கி உரக்கப் படித்தார். படித்து முடிப்பதற்குள் கூடத்தில் மறுபடி ஒரு ‘ஆ’.

“ரெண்டாவது புதுமை! மாதா செஞ்ச அற்புதம்!” என்றாள் ரோசம்மாள். “பாட்டில் திறந்த நிமிஷம், சாருக்குப் பிரமோஷன்!”

இருதயநாதனுக்குள் இருபத்து நாலு வருஷமும் ஒன்றாகப் பொங்கியது. “இல்லங்க” என்றார். “இது காலைல பத்து மணிக்கே கையெழுத்தாயிடுச்சு. பாட்டில இப்பத்தான திறந்தீங்க? இது நான் உழைச்சு...”

“மாதாவுக்கு நேரங்காலம் உண்டா சார்? மத்தியானம் நாம திறப்போம்னு அவங்களுக்குக் காலைலயே தெரியாதா?”

அதற்கு ஒர்க்‌ஷாப் ரூல் புத்தகத்தில் பதில் இல்லை. வியாகுலம்மாள் வாயைத் திறக்காதீர்கள் என்று கண்ணாலேயே கும்பிட்டாள். அருள்நாதன், எதையும் கவனிக்காதவர் போல, காலி பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் பக்கம் சாய்ந்து, “இந்தத் தண்ணி கொண்டாந்த அண்ணன் இன்னும் அந்தப் பக்கந்தான் இருக்காருங்களா?” என்று மட்டும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

நன்றி ஜெபம் சொல்ல வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் முழந்தாளிட்டார்கள். புதுமை பெற்றவர் முன்னால் வர வேண்டும் என்று இருதயநாதனை மாடத்துக்கு நேரே தள்ளிவிட்டார்கள். அவரும் முழந்தாளிட்டார். வலது முழங்காலுக்கு அடியில் ஏதோ குத்தியது. கையை விட்டு எடுத்துப் பார்த்தார். தக்கை. இன்னும் ஈரமாக இருந்தது. கண் நிறைந்துவிட்டது.

“அழுவுறாரு பாருங்க, எவ்வளவு பக்தி” என்று பின்னால் ஒருத்தி சொன்னாள்.

தக்கையைச் சட்டைப் பையில், ஆர்டரோடு சேர்த்துப் போட்டுக்கொண்டார். ரோசம்மாள் ஜெபமாலையை எடுத்து ஆரம்பித்தாள். ஐம்பத்துமூன்று மணியில் ஐம்பத்திரண்டு பாக்கி இருந்தது.